மருந்துத் தாளைக் கண்டு மிரள வேண்டாம்

மணமாகி ஓராண்டு கழிந்தும் குழந்தைப் பாக்கியம் இல்லையென்றால், நம் வீடுகளில் எல்லோர் பார்வையும் மருமகள்மீதே விழுகிறது. அவளும் மனம் நொந்து டாக்டரிடம் போகிறாள். கொடுத்த மாத்திரையின் தாளில் "மார்பகப் புற்றுநோய்" என்றோ "நீரிழிவு" என்றோ கண்டதும் அஞ்சி, மருந்தை நிறுத்திவிடுகிறாள். இந்த அச்சம் நீங்கவேண்டும் என்றே, சிலிபின் வட்டாரத்துச் சகோதரிகளுக்காகவும் அவர்தம் கணவன்மாருக்காகவும் இதனை எழுதுகிறோம்.

நோய் யாது?

சினைப்பை நீர்க்கட்டி நோயைப் பற்றி 1935இல் சிகாகோ நகரத்து டாக்டர்கள் ஸ்டெயினும் லெவெந்தாலும் எழுதினர். கட்டி என்றாலும் அது கட்டியன்று. முதிராமல் நின்றுபோன சிறு முட்டைப்பைகளே. பலருக்கு உடலில் இன்சுலின் மிகுந்து, ஆண்தன்மைச் சுரப்பு கூடி, மாதந்தோறும் வெளிவரவேண்டிய முட்டை வெளிவருவதில்லை. மாதவிடாய் தள்ளிப்போவது இதனாலேயே. ஆகவே இவள் மலடி அல்லள். முட்டை வெளிவர உதவி தேவைப்படுபவள்.

மருந்துகள் யாவை?

1. லெட்ரோசோல். புற்றுநோய்க்கென வந்த மருந்துதான். எனினும் குழந்தைப் பேற்றுக்கு, மாதவிடாய்த் தொடக்கத்தில் பெரும்பாலும் ஐந்து நாள் மட்டுமே தரப்படுகிறது. குழந்தைக்கு ஊனம் வரலாம் என 2005இல் ஓர் ஐயம் எழுந்தது. மறு ஆண்டே கனடாவில் 911 குழந்தைகளை ஆராய்ந்து, ஊனம் கூடவில்லை எனக் கண்டனர். அப்படியிருந்தும் 2011இல் இந்திய அரசாங்கம் இதனைக் குழந்தைப் பேற்றுக்குத் தடை செய்தது; 2017இல் தடையை நீக்கியது. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 750 பெண்களுள் லெட்ரோசோல் உண்டவர்களில் 27.5 விழுக்காட்டினரும், குளோமிஃபீன் உண்டவர்களில் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். இன்று உலக மருத்துவ வழிகாட்டி முதலில் சொல்வது லெட்ரோசோலையே.

2. மெட்ஃபார்மின். நீரிழிவு இல்லாதவருக்கும் இன்சுலினைச் சீர்படுத்தத் தருவதுண்டு. நோன்பு மாதத்தில் வேளையை மாற்றிக்கொள்ளும் முறையை டாக்டரிடம் கேட்டறிக.

3. கருத்தடை மாத்திரை. மாதவிடாயை ஒழுங்குபடுத்தத் தருவது. இது கருப்பையைக் கெடுக்காது. ஆனால் உண்ணும்வரை கரு தங்காது. குழந்தை வேண்டுமென்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

எச்சரிக்கை ஒன்று: முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், உரோம வளர்ச்சிக்கான ஸ்பைரனோலாக்டோன் ஆகியவை கருவுக்குத் தீங்கானவை. குழந்தைக்கு முயலும் முன்னரே டாக்டரிடம் கூறி நிறுத்தவேண்டும். லெட்ரோசோலையும் அண்டை வீட்டார் சொல்கேட்டுத் தாமாக வாங்கி உண்ணலாகாது.

செய்யவேண்டியவை

உடல் பருத்தவர், எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே மாதவிடாய் சீராவதுண்டு; எழுபது கிலோ உள்ளவருக்கு அது மூன்றரை கிலோதான். கணவரும் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். குறை அவரிடமும் இருக்கலாம். அதனைப் பாராமல் மனைவிக்கு மட்டும் மருந்து கொடுப்பது அநியாயம். மாதவிடாய் ஒழுங்கற்றவர் ஓராண்டு காத்திராமல், அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குக் கடிதம் கேட்கலாம்.

மாமியார்மாரே! மருமகளைக் குறை கூறுவதை விடுத்து, மகனையும் உடன் அனுப்பிவையுங்கள் எனக் கேட்டுக்கொள்கிறோம்.