கையெழுத்துக்கு மேலே சட்டம் இருக்கிறது

சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளிலும், கடலூர் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் கடைத்தெருக்களிலும் பல வேலைகள் வாய்ப்பேச்சில்தான் தொடங்குகின்றன. தெரிந்தவர் ஒருவர் அழைத்து வருவார், சம்பளம் பேசுவார்கள், மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கு ஆள் வந்துவிடுவார். குடிகாடு சிப்காட் ஆலையிலோ தனியார் பள்ளியிலோ சேர்பவரிடம் அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். தாளே இல்லாத இடத்திலும் தாள் நீட்டும் இடத்திலும் முதலாளி, தொழிலாளி இருவரிடமும் சில தவறான நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. அவற்றால் நஷ்டப்படுவது இரு தரப்பும்தான்.

நம்பிக்கை: ஆர்டர் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் அவர் என் தொழிலாளி என்று நிரூபிக்க முடியாது.

உண்மை: வேலை பார்த்ததற்கு நியமனக் கடிதம் ஒன்றே சாட்சியல்ல. வருகைப் பதிவேடு, வங்கியில் ஏறிய சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ கணக்கு, உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் சாட்சிதான். கடிதம் இல்லாதபோது முதலாளிக்கே சிக்கல் கூடுகிறது. என்ன சம்பளம், என்ன வேலை, எந்தத் தேதியில் சேர்ந்தார் என்று அவர் சொல்வதற்கும் ஆதாரம் இருக்காது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களில் எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது.

நம்பிக்கை: கையெழுத்துப் போட்டுவிட்டால் அதில் எழுதியிருப்பதெல்லாம் செல்லும்.

உண்மை: சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தம் எழுதிப் பறிக்க முடியாது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை செய்யச் சம்மதம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. குறைந்தபட்ச ஊதியம்கூடத் தராமல் வேலை வாங்குவது அரசியலமைப்பு தடை செய்த கட்டாய உழைப்பு என்று 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணமே சொல்லாமல், மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து நிரந்தர ஊழியரை அனுப்பலாம் என்ற பொதுத்துறை நிறுவன விதி ஒன்றை 1986-ல் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. பேரம் பேசும் பலமே இல்லாதவரிடம் வாங்கிய கையெழுத்தை மட்டும் வைத்து அநியாயமான நிபந்தனையை நியாயம் ஆக்கிவிட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம்பிக்கை: பாண்டு எழுதி, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டால் ஆள் எங்கும் போக முடியாது.

உண்மை: இவை இரண்டு தனித்தனி விஷயங்கள். நிறுவனம் உண்மையிலேயே செலவு செய்து பயிற்சி தந்தோ ஆளெடுத்தோ இருந்தால், நியாயமான பாண்டு செல்லும். விஜயா வங்கி வழக்கில் மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் வேலையை விட்டபின் அதே தொழிலை வேறெங்கும் செய்யக் கூடாது என்று எழுதினால் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடும். சான்றிதழோ அடகுப் பொருள் அல்ல. அதைப் பிடித்து வைக்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. நிலுவை இருந்தால் வழக்குப் போட்டு வசூலிக்கலாம். ஒரு பெண்ணின் பட்டச் சான்றிதழை பீரோவில் பூட்டி வைத்து அவருடைய அடுத்த வேலையைக் கெடுப்பது அக்கிரமம்.

நம்பிக்கை: கடை என்னுடையது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றால் முடிந்தது.

உண்மை: 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவைக் கடை முதலாளிகள் அவசியம் படிக்க வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமில்லாமல் நிறுத்த முடியாது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். தவறு செய்தார் என்றால் விசாரித்து, ஆதாரத்தைப் பதிவு செய்த பிறகே நோட்டீஸ் இல்லாமல் அனுப்பலாம். அனுப்பப்பட்டவர் மேல்முறையீடு செய்ய முடியும். விலகியவர், விலக்கப்பட்டவர் எவருக்கும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு.

நம்பிக்கை: அவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள், நமக்குப் பொறுப்பில்லை.

உண்மை: நெய்வேலி சுரங்கங்கள் இருக்கும் மாவட்டத்தில் இதை விளக்கவே தேவையிருக்கக் கூடாது. ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனம்தான் அதைக் கொடுக்க வேண்டும். பிறகு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ளலாம். நேரடியாக எடுத்தவர்களையும் ஆண்டுக்கணக்கில் 'தற்காலிகம்' என்றே வைத்திருக்க முடியாது. 50 பேருக்குக் குறையாத தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 1981-ம் ஆண்டுச் சட்டம்.

நம்பிக்கை: பணியிட விதிமுறைகள் எல்லாம் சென்னை ஐ.டி. கம்பெனிகளுக்குத்தான்.

உண்மை: பத்துப் பேர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையிலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும், தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம். 2021 செப்டம்பரில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கும் மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்தவர், அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சரும் கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடி தொகுதி உறுப்பினருமான சி.வி. கணேசன். சட்டம் வந்த பிறகும் தீபாவளி நெரிசலில் பகல் முழுக்க நின்று புடவை பிரித்துப் போடும் பெண்ணுக்கு ஸ்டூல் தராத கடைக்காரர், தம் மாவட்டத்துக்காரர் கொண்டு வந்த சட்டத்தையே மீறுகிறார்.

ஒழுங்கான நியமனக் கடிதத்துக்கு வக்கீல் மொழி தேவையில்லை. வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைக்கும், வேலை நேரம், வார விடுமுறை, நோட்டீஸ் காலம், புகாரை யாரிடம் சொல்வது ஆகிய ஏழு விஷயங்களைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியருக்கு அவர் பிரதியைக் கொடுக்கத் தயங்கும் முதலாளி, அதில் எந்த வரி தம்மைத் தயங்க வைக்கிறது என்று பார்த்து முதலில் அதைத் திருத்தட்டும்.