குழந்தைகளுக்கான பாத்திர வடிவமைப்பு: படத்திலிருந்து விளையாட்டிற்கு

அசைவூட்டப் படம், காட்சி விளைவு, கணினி விளையாட்டு, படக்கதை ஆகியவற்றை ஒரே தொழில் துறையாகக் கருதி, அதன் வளர்ச்சிக்கென மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் தனிப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. 2025-இல் இத்துறைக்கென மும்பையில் இந்தியப் படைப்புத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. இத்துறையைப் பற்றிய விவாதங்களில் வேலைவாய்ப்பும் ஏற்றுமதியுமே பெரிதும் இடம்பெறுகின்றன. இத்தொழிலின் விளைபொருளைப் பெறுவோருள் பெரும் பகுதியினர் குழந்தைகள். அவர்கள் முன் நிறுத்தப்படும் உருவம் எவ்வாறு அமைய வேண்டும், அதனை அமைக்கும் மாணவருக்கு எதனைக் கற்பிக்க வேண்டும் என்னும் வினாக்களும் வளர்ச்சிப் பிரச்சினையைச் சேர்ந்தவையே.

இந்தியாவில் அசைவூட்டக் கலைக்கான முறையான பயிற்சி அரசுத் துறையிலேயே வேரூன்றியது. 1948-இல் அமைக்கப்பட்ட திரைப்படப் பிரிவு (2022-இல் இது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது) 1956-இல் கார்ட்டூன் படங்களுக்கெனத் தனி அலகு ஒன்றை நிறுவியது. டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ், அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் வந்து அங்கு பயிற்சியளித்தார். அப்பயிற்சி பெற்றோருள் ஒருவர் ராம் மோகன். அக்காலத்தில் எளிமை என்பது விருப்பமன்று, கட்டாயம். நொடிக்கு 24 படச் சட்டங்கள் ஓட வேண்டும். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் ஒரு நிமிடப் படத்திற்கு 720 ஓவியங்கள் தேவை. பாத்திரத்தின் சட்டையில் ஒரு பொத்தானைக் கூடுதலாக வைத்தால் அதனை 720 முறை வரைய வேண்டும்! விஜயா முலே இயக்கி 1974-இல் வெளிவந்த ‘ஏக் அனேக் ஔர் ஏகதா’ என்னும் கல்விப் படம் இவ்வெளிமையின் சிறப்புக்குச் சான்று. அக்காளும் தம்பியும் சில கோடுகளாலேயே அமைந்தனர். எனினும் ஒரு தலைமுறையின் நினைவில் நின்றனர்.

மீனா உருவான முறை

பாத்திர வடிவமைப்பைப் பயிலும் மாணவர் விரிவாக ஆராய வேண்டிய எடுத்துக்காட்டு மீனா. பெண் குழந்தைகளின் கல்வி, உணவு, உடல்நலம் ஆகியவற்றில் நிலவும் பாகுபாட்டை எடுத்துரைக்க, 1990-களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியம் (யூனிசெஃப்) தெற்காசியாவுக்கென இப்பாத்திரத்தை உருவாக்கியது. வடிவமைப்பில் முதன்மைப் பங்காற்றியவர் ராம் மோகன். இந்தியா, வங்காள தேசம், பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளில் ஒரே சிறுமியைத் ‘தங்கள் வீட்டுப் பெண்’ என ஏற்கச் செய்ய வேண்டும். சேலை ஒரு நாட்டைக் காட்டும். சல்வார் மற்றொன்றைக் காட்டும். இறுதியில் நீண்ட பாவாடையும் மேற்சட்டையும் தெரிவு செய்யப்பட்டன. பெயரும் இந்து, முஸ்லிம் குடும்பங்கள் இரண்டிலும் வழங்கக்கூடியதாக அமைந்தது.

இம்முடிவுகள் வரைபலகையின் முன் மட்டும் எடுக்கப்பட்டவையல்ல. மாதிரி ஓவியங்கள் கிராமத்துக் குழந்தைகளிடமும் பெற்றோரிடமும் காட்டப்பட்டு, அவர்களுடைய கருத்துகளுக்கேற்ப உருவமும் கதையும் திருத்தப்பட்டன. தொடக்கக் கதையில் மீனாவுக்குப் பள்ளி செல்லும் வாய்ப்பில்லை. தம்பி ராஜு செல்கிறான். அவளுடைய கிளி மிட்டு பள்ளியில் கேட்ட பாடத்தை அவளிடம் வந்து ஒப்பிக்கிறது. அவ்வாறு கற்ற எண்ணிக்கையைக் கொண்டு கோழிகளை எண்ணுகிறாள், ஒன்று குறைவதை அறிகிறாள், திருடன் பிடிபடுகிறான். மீனாவின் குணம் அவளுடைய முகத்தில் இல்லை. எண்ணிப் பார்ப்பதில் இருக்கிறது. இக்கருத்து, கணினி விளையாட்டைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

கருத்து வேறுபாடுகள்

குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர்கள் குறித்துப் பெற்றோரும் ஆசிரியரும் இரு தரப்பாக நிற்கின்றனர்: ஒரு தரப்பு தீங்கு என்கிறது, மறு தரப்பு வெறும் பொழுதுபோக்கு என்கிறது. எத்தனை மணி நேரம் பார்ப்பது என்பதிலேயே இருதரப்பின் வாதமும் நின்றுவிடுகிறது. ஐதராபாத்தில் உருவாக்கப்பட்டு 2008 முதல் ஒளிபரப்பாகிய ‘சோட்டா பீம்’, அயல்நாட்டுத் தொடர்களிடையே இந்தியக் குழந்தைகளுக்கு ஓர் உள்நாட்டு நாயகனை அளித்தது. இது சிறு சாதனையன்று. ஆயினும் அதில் வம்பு செய்யும் காலியாவுக்குக் கரிய நிறமும் பருத்த உடலும், நற்குணமுள்ள சுட்கிக்கு வெளிர் நிறமும் தரப்பட்டமை குறித்து எழுந்த குறை கருதத்தக்கது. நல்லவருக்கு வட்டமுகம், தீயவருக்குக் கூர்முகம் என்று வகுப்பறையில் கற்பிக்கப்படும் சுருக்கவிதி, நிறத்திற்கும் உடலுக்கும் பரவும்போது அது வெறும் வரைகலை விதியாக நிற்பதில்லை.

விளையாட்டில் நேரும் மாற்றம்

படத்தின் பாத்திரத்தைக் குழந்தை பார்க்கிறது. விளையாட்டின் பாத்திரத்தைத் தன் விரலால் இயக்குகிறது. பாத்திரம் எதைச் செய்ய இயலுமோ அதுவே அதன் குணமாகிறது. அடித்தல், தாவுதல் ஆகிய இரண்டு செயல்களுக்கு மட்டுமே இடமளித்துவிட்டு, முகத்தில் கனிவைத் தீட்டுவதால் பயன் சிறிதே. பின்னாளில் வங்காள தேசத்தில் மீனா கைப்பேசி விளையாட்டின் நாயகியாகவும் ஆனாள். எண்ணுதல், கேள்வி கேட்டல், பிறரை உதவிக்கு அழைத்தல் ஆகியவற்றை விளையாடத்தக்க செயல்களாக மாற்றுவது எவ்வாறு என்பதே அத்தகைய பணியில் வடிவமைப்பாளருக்குரிய உண்மையான கணக்கு. புணேயில் உருவாகி 2020-இல் வெளிவந்த ‘ராஜி’ என்னும் விளையாட்டில் நாயகி ஓர் இளம்பெண். தம்பியைத் தேடிச் செல்பவள். நாயகி பெண்ணாக இருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும் அவளுடைய செயல்களும் பெரும்பாலும் போர்ச் செயல்களே.

காட்சித் தெளிவு இரண்டாவது தேவை. 1981-இல் ஜப்பானில் ‘டாங்கி காங்’ விளையாட்டிற்காக ஷிகெரு மியாமோட்டோ அமைத்த மரியோ பாத்திரத்திற்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது: அகலத்தில் 16, உயரத்தில் 16 படப்புள்ளிகள். அவ்வளவில் தலைமுடியை அசைத்துக் காட்டுவது கடினம், தொப்பி வந்தது. வாயை வரைய இடமில்லை, மீசை வந்தது. கை அசைவு உடலிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். இருவேறு நிறங்களில் உடை வந்தது. கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் கைப்பேசியின் சிறு திரை இதே ஒழுங்கைக் கோருகிறது. பாத்திரத்தை முழுவதும் கருமையாக நிரப்பிய பின்னரும், அது இன்னார், இன்னது செய்கிறார் என்று விளங்க வேண்டும்.

கற்பிக்கும் முறை

1961-இல் அகமதாபாதில் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம், பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்புப் பள்ளி ஆகியவற்றில் அசைவூட்டம் உயர்கல்வியாகப் பயிலப்படுகிறது. நகரங்களிலுள்ள குறுகியகாலப் பயிற்சி நிலையங்களிலோ மென்பொருளே பாடமாகிவிடும் நிலை காணப்படுகிறது. மென்பொருள் சில ஆண்டுகளில் மாறும். நடையை உற்றுநோக்கி வரையும் கண் மாறாது. சந்தையில் சுமை தூக்குபவரின் தோள், பேருந்துக்கு ஓடும் மாணவியின் கை, படியேறும் முதியவரின் முழங்கால் ஆகியவற்றைத் தாளில் பிடிக்கப் பழகிய பின்னரே மாணவரைக் கணினியின் முன் அமர்த்துவது தக்கது.

மதிப்பீட்டிலும் மாற்றம் வேண்டும். பாத்திரத்தின் முன், பக்க, பின் தோற்றங்கள் கொண்ட தாளோடு, அது செய்யக்கூடிய செயல்களின் பட்டியலையும் அவற்றுள் ஒவ்வொன்றும் ஏன் வேண்டும் என்பதற்கான காரணத்தையும் மாணவர் அளிக்குமாறு செய்யலாம். பின்னர் அருகிலுள்ள தொடக்கப் பள்ளியில் அவ்வுருவத்தைக் குழந்தைகளுக்குச் சிறிது நேரம் காட்டி, மறைத்து, நினைவிலிருந்து வரையச் சொல்லலாம். குழந்தைகள் எதை விட்டுவிடுகிறார்கள், எதைப் பெரிதாக்குகிறார்கள், அப்பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்கிறார்கள் என்பனவற்றை மாணவர் குறித்துவந்து தம் வரைபடத்தைத் திருத்த வேண்டும். இதற்குக் கணினி தேவையில்லை. ஒரு முற்பகலும் சில தாள்களும் வண்ணப் பென்சில்களும் பள்ளித் தலைமையாசிரியரின் இசைவும் போதும்.