பட்டத்திற்குப் பின் ஓராண்டு: குடும்பச் சிகிச்சைத் தாதியரின் மேற்பயிற்சி

முன்னுரை

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரித்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து கவனித்துக்கொள்பவர் ஆகியவையே அந்த நான்கும். நான்காமவரை வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்கிறார். இன்றைய வழக்கில் அவரைத்தான் நாம் தாதி என்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘மிஸ்ஸி’ என்கிறார்கள்.

தீர்ப்பவர் வேறு, அருகிலிருப்பவர் வேறு என்பது நெடுநாளாக நாம் அறிந்த பிரிவு. ஆனால், அருகிலிருப்பவரே தீர்ப்பவராகவும் செயல்படும் ஒரு பணி அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டு தோன்றி வளர்ந்துள்ளது. நோயாளியைப் பரிசோதித்து, நோய் இன்னதெனக் கண்டறிந்து, மருந்தும் எழுதித் தரும் தாதி அவர். இதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. ‘தாதி மருத்துவர்’ என்றால் அவரை மருத்துவர் என்றே மக்கள் எண்ணக்கூடும். ஆகவே இக்கட்டுரையில் ‘குடும்பச் சிகிச்சைத் தாதி’ என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரு தாதி இப்பொறுப்பை ஏற்க எத்தகைய பயிற்சி வேண்டும்? மேற்பட்டம் ஒன்று போதுமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு வெள்ளிக்கிழமை

இவ்வினா எனக்குள் எழக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். தாதிமைத் துறை மாணவியான நான், சென்ற ஆண்டு ஓர் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் பயிற்சியில் இருந்தேன். இனிப்புநீர் நோய்க்காகத் தொடர்ந்து வரும் பாட்டி ஒருவர், “மிஸ்ஸி, கொஞ்ச நாளா தலை கிறுகிறுன்னு வருது. வேர்த்துக் கொட்டுது. அந்த மாத்திரைய நிறுத்திடவாமா?” என்று என்னிடம் கேட்டார். அவர் உட்கொண்டது கிளிக்லஸைட். அம்மருந்து உடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைத் தேர்வில் ஒரு பக்கத்திற்கு எழுதியவள் நான். ஆனாலும் அப்போது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்துக்கொண்டு நின்றேன்.

அருகில் இருந்த மூத்த மலாய்த் தாதி பாட்டியைப் பார்த்து, “நேனேக் புவாசா கே ஹரி இனி?” என்று கேட்டார். பாட்டி தலையசைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் விரதமாம், இரவு ஒரு வேளை மட்டுமே சாப்பாடு. மாத்திரையை மட்டும் காலையிலேயே வெறும் வயிற்றில் விழுங்கிவிடுவாராம். உடனே விரல் நுனியில் குத்திச் சோதித்தார்கள். சர்க்கரை அளவு 3.2 இருந்தது. பாட்டியைச் சமாதானப்படுத்திக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தார்கள். பிறகு மருத்துவர் வந்து மருந்தை மாற்றி எழுதினார்.

கிளிக்லஸைட் போன்ற மருந்துகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உணவில்லாத நேரத்திலும் அவை வேலை செய்துகொண்டே இருக்கும். இது எனக்கும் தெரியும், அந்த மூத்த தாதிக்கும் தெரியும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அவருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். காரணத்தைக் கண்டுபிடித்த அவருக்கும் மருந்தை மாற்றும் அதிகாரம் இல்லை.

பணி தோன்றிய வரலாறு

1960-களில் அமெரிக்காவில் மருத்துவர்கள் பலர் நிபுணத்துவத் துறைகளை நாடிப் பெருநகரங்களுக்குச் சென்றனர். கிராமங்களிலும் ஏழை மக்கள் வாழும் பகுதிகளிலும் அடிப்படைச் சிகிச்சைக்கே ஆள் குறைந்தது. 1965-இல் முதியோருக்கும் வறியோருக்கும் அரசாங்க மருத்துவக் காப்பீடு சட்டமானதும் சிகிச்சை நாடுவோர் தொகை மேலும் பெருகியது.

அதே ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்னும் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் இணைந்து, சிகிச்சைத் தாதியருக்கான முதல் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். அது குழந்தை நலத்திற்கானது. கிராமப்புறங்களில் பொதுச் சுகாதாரத் தாதியாகப் பணியாற்றிய ஃபோர்ட், அங்குள்ள தாதியர் ஏற்கெனவே செய்துவந்த வேலைக்கு முறையான கல்வியும் அங்கீகாரமும் வேண்டுமெனக் கருதினார். 2025 ஜனவரியில் தமது 104-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் தொடங்கிய பணி பின்னர் பல பிரிவுகளாக விரிந்தது. பிறந்த குழந்தை முதல் முதியோர் வரை குடும்பத்தினர் அனைவரையும் கவனிப்பவரே குடும்பச் சிகிச்சைத் தாதி.

என்ன படிக்கிறார்கள்?

முதலில் அவர் பதிவு பெற்ற தாதியாக இருத்தல் வேண்டும். அதன்பின் முதுகலையோ தாதிமை முனைவர் பட்டமோ பயில வேண்டும். அப்படிப்பில் மூன்று பாடங்கள் அடித்தளமாக அமைகின்றன. நோயால் உடலில் ஏற்படும் மாற்றங்களைப் பற்றியது ஒன்று, மருந்தியல் மற்றொன்று, உடற்பரிசோதனை மூன்றாவது. தாதியாகப் படித்த காலத்தில் கற்றவைதாம் எனினும், இங்கு அவை முடிவெடுப்பவரின் நிலையிலிருந்து கற்பிக்கப்படுகின்றன. “மருத்துவர் எழுதிய மருந்தைச் சரியாகக் கொடுப்பது எப்படி?” என்ற கேள்வி, “எந்த மருந்து? ஏன் இது? ஏன் மற்றது இல்லை?” என்று மாறுகிறது.

பாடத்தோடு நோயாளிகளை நேரில் கவனிக்கும் பயிற்சியும் உண்டு. அதற்குக் குறைந்தது 500 மணி நேரம் என்றிருந்த அளவு, 2022-இல் வெளியான தேசியத் தரநிலைகளில் 750 ஆக உயர்த்தப்பட்டது. வாரத்திற்கு 40 மணி நேரம் எனக் கணக்கிட்டால் ஏறக்குறைய 19 வாரங்கள். படிப்பு முடிந்ததும் தேசியச் சான்றிதழ்த் தேர்வு எழுதி, மாநில உரிமம் பெற வேண்டும். அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் மருத்துவரின் மேற்பார்வை இன்றியே நோயறிந்து மருந்து எழுதலாம். மற்ற மாநிலங்களில் மருத்துவருடன் ஒப்பந்தமோ மேற்பார்வையோ தேவைப்படுகிறது.

நம் நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர் ஈராண்டுகள் ஹவுஸ்மேன்ஷிப் செய்த பிறகே முழுப் பதிவு பெறுகிறார் என்பதை நாம் அறிவோம். பட்டம் பெற்ற குடும்பச் சிகிச்சைத் தாதிக்கோ அத்தகைய கட்டாயப் பயிற்சிக் காலம் அமெரிக்கா முழுமைக்கும் பொதுவாக வகுக்கப்படவில்லை. நேற்று வரை மாணவி. இன்று தனி அறையில் தனி நோயாளி.

பட்டத்திற்குப் பின் ஓராண்டு

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சி 2007-இல் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் நகரில் தொடங்கியது. 1972-இல் இலவசக் கிளினிக்காகத் தோன்றிய சமூக சுகாதார நிலையம் ஒன்று, மார்கரெட் ஃபிளின்டர் என்னும் சிகிச்சைத் தாதியின் முயற்சியால், புதிதாகப் பட்டம் பெற்ற குடும்பச் சிகிச்சைத் தாதியருக்கு 12 மாதப் பயிற்சியை ஏற்படுத்தியது. இத்தகைய சமூக நிலையங்களுக்கு வருவோருள் பலர் ஏழைகள். ஒரே நோயாளிக்கு இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, மனச்சோர்வு, வேலையின்மை எல்லாம் சேர்ந்திருக்கும். குறுகிய நேரத்திற்குள் இவை அனைத்தையும் பார்த்து முடிவு சொல்வது புதியவருக்கு மலைப்பைத் தருவதாகும்.

அப்பயிற்சியின் அமைப்பு நான்கு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, பயிற்சித் தாதி தமக்கென ஒதுக்கப்பட்ட நோயாளிகளை ஆண்டு முழுவதும் தாமே தொடர்ந்து பார்ப்பது. அவ்வேளையில் வழிகாட்டி ஒருவர் அருகிலேயே இருப்பார். அவருக்கு அந்நேரத்தில் வேறு நோயாளிகள் இல்லை. கேள்விக்குப் பதில் சொல்வதே அவர் வேலை. இரண்டாவது, எலும்பு மூட்டு, தோல், மனநலம், பெண்கள் நலம் போன்ற பிரிவுகளில் சுழற்சி முறையில் பயில்வது. மூன்றாவது, சிகிச்சைக் குழுவில் ஒருவராகக் கூடுதல் சுதந்திரத்துடன் நோயாளிகளைப் பார்ப்பது. நான்காவது, வாரந்தோறும் வகுப்பு.

இவற்றுள் முதலாவதே உயிர்நாடி என்பது என் கருத்து. தவறு செய்தபின் திருத்துவது வேறு, தவறு நிகழுமுன் “நீ இன்னும் எதைக் கேட்கவில்லை?” என்று ஒருவர் வினவுவது வேறு. அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைத்தது இரண்டாவது வகை.

2010-இல் நிறைவேறிய அமெரிக்க சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்தில் குடும்பச் சிகிச்சைத் தாதியரின் இத்தகைய பயிற்சிக்கென ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஆயினும் அதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. பல நிலையங்கள் சொந்தச் செலவிலேயே பயிற்சியை நடத்தின. 2019-இல்தான் கூட்டரசு மானியத் திட்டமொன்று நடைமுறைக்கு வந்தது.

மாற்றுக் கருத்துகள்

ஓராண்டுப் பயிற்சி நல்லது எனில் அதை அனைவருக்கும் கட்டாயமாக்கலாமே என நாம் எண்ணலாம். அத்துறையினரிடமே இதற்கு எதிர்ப்பு உண்டு.

சிகிச்சைத் தாதியர் பலரும் தாதியாக ஆண்டுக்கணக்கில் அனுபவம் பெற்றவர்கள். அவர்களை ஹவுஸ்மேனுடன் ஒப்பிடுதல் பொருந்தாது என்பது முதல் வாதம். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரைச் சிகிச்சைத் தாதியரிடமும் மறுபிரிவினரை மருத்துவர்களிடமும் அனுப்பினர். ஆறு மாதங்களுக்குப் பின் இரு பிரிவினரின் உடல்நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இரண்டாம் வாதம் நடைமுறை சார்ந்தது. பயிற்சி இடங்கள் குறைவு. பயிற்சிக் காலத்தில் சம்பளமும் குறைவு. கட்டாயமாக்கினால், மருத்துவர் இல்லாத ஊர்களுக்குத் தாதியரும் இல்லாமற் போவர்.

இவ்வாதங்களில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அந்த ஆய்வு, தகுதி பெற்ற சிகிச்சைத் தாதியர் நன்கு செயல்படுகிறார்கள் என்பதைக் காட்டுகிறதே அன்றி, முதல் நாள் பணிக்கு வருபவரின் நிலையைக் காட்டவில்லை. மேலும், நோயாளியின் அருகில் கழித்த ஆண்டுகள் கவனிக்கும் கண்ணைத் தரும். கவனித்ததைக் கொண்டு முடிவெடுத்து, அம்முடிவுக்குப் பொறுப்பேற்பது தனியாகப் பழக வேண்டிய ஒன்று.

சிங்கப்பூரும் நாமும்

நம் அண்டை நாடான சிங்கப்பூர் இதில் தெளிவான பாதையை வகுத்துள்ளது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2003-இல் தாதிமை முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. பட்டம் பெற்றதும் ஓராண்டு மேற்பார்வையின் கீழ்ப் பணிப்பயிற்சி. அதன் பின்னரே தாதிமைக் கழகத்தின் மதிப்பீடும் சான்றும். 2018-இல் மருந்து எழுதுவதற்கெனத் தனிப்பயிற்சியும் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் விருப்பத்தின் பேரில் உள்ள ஓராண்டு, அங்கு பாதையின் ஒரு பகுதியாகவே அமைந்திருக்கிறது.

மலேசியத் தமிழர்களுக்கு ‘மருத்துவர் அல்லாதவர் தரும் சிகிச்சை’ புதிதன்று. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரைப் பற்றிப் பாட்டி தாத்தா சொல்லக் கேட்காதவர் நம்மில் எத்தனை பேர்? காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பால்வெட்டுக் கத்தி பட்ட காயம் எல்லாவற்றுக்கும் அவர்தான். நல்ல டிரஸர் வாய்த்தால் தோட்டத்துக்கு நல்ல காலம். இல்லையென்றால் தலைவிதி என்று என் பாட்டி சொல்வார். 1965-ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவ உதவியாளர்களுக்கான சட்டம் 1977-இல் வந்தது.

தாதியரைப் பொறுத்தவரை, கம்போங்குகளில் உள்ள கிளினிக் டேசாவில் தாய்சேய் நலத்தைக் கவனிப்பவர்கள் அவர்களே. பணியில் உள்ளவர்கள் ‘போஸ் பேசிக்’ எனப்படும் மேற்பயிற்சிகள் வழியாகத் தனித்துறை அறிவையும் பெறுகின்றனர். ஆனால் 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதித் தரும் உரிமை மருத்துவர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர் ஆகியோருக்கே உண்டு. அனுபவத்தால் அறிந்த தாதியும் மருத்துவரின் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

முடிவுரை

தாதியருக்கு நாளையே மருந்தெழுதும் உரிமை வேண்டும் என்று நான் வாதிடவில்லை. உரிமை வரும் நாளில் அதற்கு முன்பாக இருக்க வேண்டியது என்ன என்பதே என் கேள்வி. மேற்பட்டம் வேண்டும்; பணி அனுபவம் வேண்டும்; இரண்டிற்கும் பிறகு, வேறு வேலையின்றி அருகிலிருந்து கேள்வி கேட்கும் ஒரு வழிகாட்டியுடன் ஓராண்டாவது வேண்டும். அதற்கான சம்பளத்தையும் வழிகாட்டியின் நேரத்தையும் யார் தருவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல தாதி வாய்ப்பதும் நல்ல டிரஸர் வாய்த்த கதையாகிவிடும்.

தாதிமை பயிலும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக்குச் செல்லும்போது மூத்த தாதியர் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். நான் வைத்திருக்கும் சிறு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் உள்ளது: “இன்று சாப்பிட்டீர்களா, பாட்டி?”