பழைய ஐ7-உம் சற்றே புதிய ஐ5-உம்

மேற்கே விழுப்புரத்துக்கும் கிழக்கே புதுச்சேரிக்கும் நடுவே அமைந்த வளவனூரில், பிள்ளையைக் கல்லூரியில் கணினி அறிவியலுக்குச் சேர்த்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கக் கை நீளாமையால் பழைய லேப்டாப் தேடிப் புறப்படுகிற குடும்பத்தார், இரண்டு ஊர்க் கடைகளையும் பார்த்து, திருப்தி உண்டாகாவிட்டால் சென்னை ரிச்சி தெரு வரைக்கும் போய் வருவதுண்டு. எங்கே போனாலும், பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட மடிக்கணினிகளின் குவியலில், இன்டெல் கோர் ஐ7-7500யூ என்ற பிராசஸரை உடையதும், கோர் ஐ5-8250யூ என்ற பிராசஸரை உடையதும் அக்கம்பக்கமாக அடுக்கப்பட்டிருக்கக் காணலாம். முன்னது 2016-இல் வெளிவந்தது. பின்னது 2017-இல் வந்தது. இவ்விரண்டில் எது மேல் என்ற வினாவுக்கு ஜனங்களிடையே வழங்கும் விடைகளில் பெரும்பாலானவை, கடைக்காரர் சொல்லக் கேட்டு அவர் சொல்லாததையும் சேர்த்துக்கொண்டவை.

‘ஐ7 என்றாலே ஐ5-க்கு மேல்’ என்பது அவற்றுள் மூத்த நம்பிக்கை. ஐந்தைவிட ஏழு பெரிது என்ற கணக்கில் குற்றமில்லை. ஆனால் அந்த எண், ஒரே ஆண்டில், ஒரே வரிசையில் பிறந்த பிராசஸர்களுக்குள் யார் முன், யார் பின் என்று சொல்லும் பட்டமே தவிர, வருஷம் தாண்டியும் வரிசை தாண்டியும் செல்லுபடியாகும் அளவுகோல் அன்று. தலைமுறையைச் சொல்வது கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம். ஆகையால் ஒன்று ஏழாம் தலைமுறை, மற்றொன்று எட்டாம் தலைமுறை. பெயரின் கடைசியில் நிற்கும் ‘யூ’ என்ற எழுத்து, இது 15 வாட் வரம்புக்குள் இயங்குவதற்காகச் செய்யப்பட்ட மெல்லிய மடிக்கணினிப் பிராசஸர் என்று தெரிவிப்பது. இந்த ‘யூ’ வரிசையில் ஏழாம் தலைமுறை முடியும் வரையில் ஐ5-க்கும் ஐ7-க்கும் இருந்த பேதம் மிகச் சொற்பம். அதே காலத்து ஐ5-7200யூ-வுக்கும் இரண்டு கோர்கள்தாம், பட்டம் பெரிய ஐ7-7500யூ-வுக்கும் இரண்டு கோர்கள்தாம். வேகத்தில் சிறிது கூடுதலும், கேஷ் நினைவகம் 3 எம்.பி.க்குப் பதில் 4 எம்.பி.யும் என்பதற்குமேல் அந்தப் பட்டத்துக்கு வேறு ஆதாரம் கிடையாது. அதே தலைமுறையின் ஐ7-7700ஹெச்க்யூ-வுக்கு நான்கு கோர்கள் இருந்தன. அதன் வரம்போ 45 வாட். எனவே முன்னால் நிற்கும் ஏழைக் காட்டிலும் பின்னால் நிற்கும் எழுத்தைப் படிப்பதே வாங்குகிறவருக்கு அதிகப் பிரயோஜனம்.

2017-இல், டெஸ்க்டாப் சந்தையில் ஏ.எம்.டி.யின் ரைசன் வந்து நெருக்கத் தொடங்கியிருந்த அந்த வருஷத்தில், இன்டெல் அதே 15 வாட்டுக்குள் நான்கு கோர்களை அமர்த்திற்று. அவ்விதம் பிறந்ததுதான் ஐ5-8250யூ: நான்கு கோர், எட்டு த்ரெட், 6 எம்.பி. கேஷ். முந்திய தலைமுறையைவிட 40 விழுக்காடு வரை வேகம் என்று இன்டெல் அப்போது விளம்பரப்படுத்தியது. விளம்பர வாசகம் என்று ஒருபுறம் தள்ளினாலும், வீடியோ மாற்றுதல், பெரிய நிரல்களைக் கம்பைல் செய்தல் போன்ற, எல்லாக் கோர்களுக்கும் வேலை பங்கிடக்கூடிய காரியங்களில் அது மிகைக் கூற்று அன்று.

இங்கேதான் அடுத்த நம்பிக்கை குறுக்கிடுகிறது. ‘ஐ7-இல் 2.7 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது, ஐ5-இல் 1.6 என்றுதானே இருக்கிறது. கிட்டத்தட்ட பாதி வேகமல்லவா?’ என்று, படித்தவர்களே கேட்கிறார்கள். எழுதியிருப்பது அடிப்படை வேகம். எல்லாக் கோர்களும் ஒருங்கே பாடுபடும்போதும் 15 வாட் வரம்பைத் தாண்டாமல் காப்பாற்றக்கூடியதென்று உறுதியளிக்கப்பட்ட வேகம். ஒரு கோர் மட்டும் உழைக்கும் சமயத்தில் முன்னது 3.5 வரைக்கும், பின்னது 3.4 வரைக்கும் ஏறும். இந்த வித்தியாசத்தை மனிதக் கண் அறியாது. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்ட, கை வீச்சில் வேகமான இருவரை அழைப்பதா, நிதானமான நால்வரை அழைப்பதா என்ற கேள்விக்கு எந்தக் குடியானவரும் யோசிக்காமல் விடை சொல்வார். ஆனால் ஒரே ஒரு பனைமரம் ஏறவேண்டுமென்றால் நால்வரில் மூவர் கீழேதான் நிற்கவேண்டும்.

அந்தப் பனைமரத்தை மறந்துவிடுவதால் எழுவதே ‘கோர் இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பு’ என்ற எதிர்ப்பக்கத்து மயக்கம். கட்டுரை தட்டச்சு செய்வது, நூறு வரி எக்செல் கணக்கு, மாணவர் எழுதிப் பழகும் சிறு பைதான் நிரல் ஆகியவை பெரும்பாலும் ஒரு கோரிலேயே முடிந்துவிடும் வேலைகள். இவற்றில் இரண்டு இயந்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எது எதுவென்று கண்டுபிடிப்பது கடினம். இன்னொரு தடையும் உண்டு. நான்கு கோர்களும் ஒருங்கே உழைக்கும்போது பிறக்கும் உஷ்ணத்தை வெளியேற்றச் சின்ன விசிறி ஒன்றும் செப்புக் குழாய் ஒன்றுமே இருக்கின்றன. கத்திரி வெயிலில், விழுப்புரம் வட்டாரத்து ஓட்டு வீட்டு அறையில், பல வருஷத் தூசி அடைத்த விசிறியோடும் உலர்ந்துபோன தெர்மல் பேஸ்டோடும் ஓடுகிற ஐ5-8250யூ, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது அதன் மேன்மையில் பெரும்பகுதி காணாமற் போய்விடும். பழைய இயந்திரத்தை வாங்கியவுடன் திறந்து சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றச் சொல்வது வீண் செலவென்று நினைக்கிறவர்கள், பிராசஸருக்காகக் கொடுத்த அதிகப் பணத்தையே வீணாக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நான்கு கோர் என்றால் பேட்டரியை அதிகம் குடிக்கும் என்ற பயத்துக்கு அதிக விசாரணை வேண்டாம்: இரண்டுக்கும் நிர்ணயிக்கப்பட்ட வரம்பு அதே 15 வாட், சும்மா இருக்கும் கோர் ஏறக்குறைய உறங்கும் கோர், பழைய மடிக்கணினியில் சார்ஜ் நிற்கவில்லையென்றால் முதலில் சந்தேகிக்கவேண்டியது வயதான பேட்டரியை.

பணத்தின் மதிப்பைப் பற்றிய பேச்சில் பிரதானமாக வரவேண்டியதும், கடைகளில் அநேகமாக வராததும், விண்டோஸ் விஷயம். மைக்ரோசாஃப்ட் 2021 அக்டோபரில் வெளியிட்ட விண்டோஸ் 11-க்கு அங்கீகரித்த பிராசஸர்ப் பட்டியலில், இன்டெல் மடிக்கணினிகளைப் பொறுத்தவரை, ஓரிரு விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். ஐ5-8250யூ அதில் உண்டு, ஐ7-7500யூ இல்லை. பாதுகாப்பு அம்சமான டி.பி.எம். 2.0 இருந்தாலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகஸ்தர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரைக்கும் நீட்டிக்கப்பட்டன. ‘விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்’ என்று கடையில் சொல்வது பொய்யன்று. குறுக்கு வழியில் நிறுவ முடியும். ஆனால் அவ்விதம் நிறுவியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வருமென்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. லினக்ஸில் வேலை செய்யத் துணிந்தவருக்கோ இந்தத் தடையே கிடையாது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே குடியிருந்ததைப் பார்த்த தலைமுறைக்கு அது அந்நிய வஸ்துவும் அன்று.

‘மெதுவாக இருக்கிறதே, பிராசஸர் பழசு’ என்று குறை கூறப்படும் மடிக்கணினிகளில் பலவற்றில் உண்மையான குற்றவாளி ஹார்ட் டிஸ்க். சுழல்கிற தட்டில் தலை தேடிப்போய்ப் படிக்கவேண்டியிருப்பதால், சிதறிக்கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை எடுக்கையில் அது வினாடிக்கு நூறு தடவையைத் தாண்டுவதே அரிது, எஸ்.எஸ்.டி. பல்லாயிரம் தடவை எடுத்துவிடும். ஹார்ட் டிஸ்குடன் கூடிய ஐ5-8250யூ-வைவிட, எஸ்.எஸ்.டி.யும் 8 ஜி.பி. ரேமும் உள்ள ஐ7-7500யூ அன்றாட வேலையில் சுறுசுறுப்பாகத் தோன்றும். ஆனால் எஸ்.எஸ்.டி.யைப் பிற்பாடு நாமே மாற்றிக்கொள்ளலாம். பிராசஸரை மாற்ற முடியாது. மூன்றாம் தலைமுறை ஐ5-3320எம் காலத்தில் சாக்கெட்டிலிருந்து கழற்றி வேறொன்றைப் பொருத்த வழியிருந்தது. இவை இரண்டுமோ மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை.

வெளிவந்தபோது இன்டெல் குறித்த பட்டியல் விலை ஐ7-7500யூ-வுக்கு 393 டாலர், ஐ5-8250யூ-வுக்கு 297 டாலர். அந்தப் பழைய அந்தஸ்தைக் காட்டி இன்றும் ஐ7-க்கே அதிக விலை கேட்கப்படுமானால் அதைக் கொடுக்க நியாயமில்லை. சம விலை கேட்டாலும் ஐ5-ஐயே எடுக்கவேண்டும். ஒரு எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ரேமும் வாங்கக்கூடிய அளவுக்கு ஐ7 மலிவாகக் கிடைத்து, மாணவர் லினக்ஸுக்கும் சம்மதித்தால் மட்டுமே கணக்கு மாறும்.

பேரம் படிவதற்கு முன், உடம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல், இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால், பிராசஸரின் முழுப் பெயரும், கீழே கோர்களின் எண்ணிக்கையும் த்ரெட்களின் எண்ணிக்கையும் தெரியும்: அங்கே நான்கும் எட்டும் இருந்தால் அது ஐ5-8250யூ சொல்லும் கணக்கு, இரண்டும் நான்கும் இருந்தால் ஐ7-7500யூ.