ஐஸ் லாரியும் எரிவாயுக் கப்பலும்: உருகியது யார் கணக்கில்?



"சார், நான் சட்டம் படிக்கப் போகிறேன். எனக்கு எதற்கு இந்த ஹாபா பெண்டாம்?" படிவம் நான்கில் வெப்பம் பற்றிய பாடத்தை நடத்தும்போது ஒரு மாணவி இப்படிக் கேட்டார். ஹாபா பெண்டாம் என்றால் தமிழில் உள்ளுறை வெப்பம். கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதிலை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கற்பனை. பிரிக்பீல்ட்ஸில் கோயில் திருவிழா. தண்ணீர்ப் பந்தலுக்குக் கிள்ளானிலிருந்து லாரியில் 100 ஐஸ் கட்டிகள் வரவேண்டும். கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். வந்து சேரும்போது 80 கட்டிதான் மிச்சம். 20 கட்டிக்கான பணம் யார் கணக்கில்? "வெயிலுக்கு நான் என்ன செய்வேன்?" என்பார் லாரிக்காரர். "உங்கள் பெட்டியில் ஓட்டை இருந்தது" என்பார் பந்தல் பொறுப்பாளர். மூன்று கட்டி உருகுவது இயல்பு, அதற்கு மேல் உருகினால் லாரிக்காரர் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

இதே சிக்கல் கடலில் மிகப் பெரிய அளவில் நடக்கிறது. சரவாக்கின் பிந்துலுவில் இயற்கை எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்குகிறார்கள். அங்கிருந்து ஜப்பானுக்கு முதல் சரக்கு 1983 ஜனவரியில் புறப்பட்டது. பெட்ரோனாஸ் குழுமத்தைச் சேர்ந்த எம்.ஐ.எஸ்.சி. நிறுவனத்தின் 'தெனாகா' வரிசைக் கப்பல்கள் இந்தப் பணியில் இறங்கின. பிரான்சில் கட்டப்பட்ட ஐந்து கப்பல்கள். ஒவ்வொன்றும் சுமார் 130,000 கன மீட்டர் கொள்ளளவு உடையது.

ஏன் திரவமாக்க வேண்டும்? இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அதைச் சுமார் −162 பாகை செல்சியஸுக்குக் குளிர்வித்தால், கன அளவு ஏறக்குறைய 600 மடங்கு சுருங்குகிறது. "வீட்டுச் சமையல் வாயுவை அழுத்தியே திரவமாக்குகிறார்களே, இதையும் அழுத்தினால் போதாதா?" என்று கேட்பீர்கள். சமையல் வாயுவில் இருப்பவை புரோப்பேனும் பியூட்டேனும். அவை அறை வெப்பநிலையிலேயே அழுத்தத்துக்குப் பணிந்துவிடும். மீத்தேனோ சுமார் −82 பாகைக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. அந்த எல்லைக்கு மாறுநிலை வெப்பநிலை என்று பெயர். ஆகவே குளிர்விப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கப்பலின் தொட்டிக்குத் தடித்த வெப்பக் காப்பு உண்டு. ஆனால் எந்தக் காப்பும் வெப்பத்தை முழுமையாகத் தடுக்காது. வெளியே 30 பாகை, உள்ளே −162 பாகை. வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். அந்த வெப்பத்தை உறிஞ்சித் திரவத்தில் ஒரு பகுதி கொதித்து ஆவியாகும். மீதித் திரவத்தின் வெப்பநிலை உயராமல் இருப்பதே இந்தக் கொதிப்பால்தான். நீங்கள் படிக்கும் உள்ளுறை வெப்பம் அங்கே இரவும் பகலும் வேலை செய்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 130,000 கன மீட்டர் கப்பலில் நாளுக்கு 0.15 விழுக்காடு ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய கப்பல்களுக்கு இது வழக்கமான அளவு.

ஒரு நாள் இழப்பு: 130,000 × 0.0015 = 195 கன மீட்டர்.
அடர்த்தி கன மீட்டருக்கு 450 கிலோ என்றால் நிறை: சுமார் 88,000 கிலோ.
மீத்தேன் ஆவியாவதற்கான உள்ளுறை வெப்பம் கிலோவுக்குச் சுமார் 510,000 ஜூல். உள்ளே வந்த வெப்பம்: 88,000 × 510,000 = ஏறக்குறைய 45 பில்லியன் ஜூல்.
ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால்: சுமார் 520 கிலோவாட்.

அதாவது 2 கிலோவாட் மின்கெண்டிகள் 260-ஐ ஓயாமல் எரியவிட்டதற்குச் சமமான வெப்பம், அந்தத் தடித்த காப்பையும் தாண்டி உள்ளே வருகிறது. தொட்டியை மூடி வைத்தால் அழுத்தம் ஏறும். அதனால் ஆவியான வாயுவைக் குழாய் வழியே எடுத்துக் கப்பலின் எரிபொருளாகவே பயன்படுத்துகிறார்கள். தெனாகா கப்பல்களின் நீராவிச் சுழலிகளும் இப்படி ஓடியவைதான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கப்பல் ஒருவருடையது, உள்ளே இருக்கும் வாயு பெரும்பாலும் இன்னொருவருடையது. இருவரையும் இணைப்பது கப்பல் வாடகை ஒப்பந்தம். அதில் மூன்று முக்கிய வகைகள் உண்டு. ஒரே ஒரு நடைக்கு லாரி பேசுவது போன்றது பயண வாடகை. ஓட்டுநரோடு சேர்த்து லாரியை மாதக் கணக்கில் எடுப்பது போன்றது கால வாடகை. லாரியை மட்டும் எடுத்து, நாமே ஓட்டுநரை அமர்த்திக்கொள்வது போன்றது வெறுங்கப்பல் வாடகை.

எரிவாயுக் கப்பல்களுக்குக் கால வாடகைதான் மிகுதி. மாலுமிகளின் சம்பளம், பராமரிப்பு, காப்புறுதி ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. நாள் வாடகை, எரிபொருள், துறைமுகக் கட்டணம் ஆகியவை வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு. கப்பல் பழுதாகி வேலை செய்யாவிட்டால், ஒப்பந்தம் சொல்லும் நேரத்துக்கு வாடகை நின்றுவிடும். ஆனால் எடுத்தவரே "துறைமுகத்துக்கு வெளியே காத்திரு" என்று சொன்னால், வாடகையும் ஓடும், வாயுவும் ஆவியாகும். இரண்டும் பொதுவாக அவர் கணக்கில்தான்.

நம் ஐஸ் கட்டிக் கேள்விக்கான விடையும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு நாளில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகாது என்று உரிமையாளர் உறுதி தருகிறார். அந்த எண்ணைத் தாண்டினால், கூடுதலாக ஆவியான வாயுவின் விலையை அவர் ஈடுசெய்ய வேண்டும். சரக்கை இறக்கிய பிறகும் தொட்டியில் கொஞ்சம் திரவத்தை விட்டுவைப்பார்கள். தொட்டி சூடேறிவிட்டால், மறுபடி மெல்ல மெல்லக் குளிர்விக்க வேண்டும், நேரம் வீணாகும். எவ்வளவு விட்டுவைப்பது, அதன் விலை யாருடையது என்பதையும் எழுதி வைக்கிறார்கள்.

அப்படியும் சண்டை வந்தால்? இத்துறையில் பல வழக்குகள் லண்டனில் நடுவர் முன் தீர்க்கப்படுகின்றன. நம் கோலாலம்பூரிலும் 1978-இல் தொடங்கப்பட்ட அனைத்துலக நடுவர் மையம் ஒன்று உண்டு. வழக்கு எங்கே நடந்தாலும் கேள்விகள் ஒன்றுதான். தொட்டிக்குள் எவ்வளவு வெப்பம் நுழைந்தது? அது காப்பின் குறையாலா, காத்திருந்ததாலா? உள்ளுறை வெப்பம் தெரியாத வழக்கறிஞர் அங்கே வாய் திறக்க முடியாது.

இந்தக் கப்பல்கள் நமக்கு அந்நியமும் அல்ல. தெனாகா சத்து, தெனாகா அம்பாட் ஆகிய இரண்டும் வயதான பிறகு மலாக்காவின் சுங்கை ஊடாங் கரையோரம் மிதக்கும் சேமிப்புக் கிடங்குகளாயின. 2013-இல் அந்த முனையம் இயங்கத் தொடங்கியது. அங்கே திரவம் மீண்டும் வாயுவாகித் தீபகற்பத்தின் குழாய்த் தொடரில் சேர்கிறது. எரிவாயுவில் இயங்கும் மின் நிலையங்களில் கிள்ளானின் கன்னாட் பிரிட்ஜும் ஒன்று.

அந்த மாணவிக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடத்தை உங்களுக்கும் தருகிறேன். 150,000 கன மீட்டர் புதிய கப்பல். உரிமையாளர் தந்த உறுதி நாளுக்கு 0.10 விழுக்காடு. உள்ளே கசியும் வெப்பம் எத்தனை கிலோவாட்? விடை 400-க்கு மிக அருகில் வரவேண்டும். அடுத்து, அதே கப்பலில் நாளுக்கு 0.12 விழுக்காடு ஆவியாகி, பயணம் ஏழு நாள் நீடித்தால், உரிமையாளர் எத்தனை கன மீட்டருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

இரண்டாவது கேள்வியை அவர் எனக்கு முன்பே போட்டு முடித்தார்: 210 கன மீட்டர். பிறகு, "வெயிலுக்கு நான் என்ன செய்வேன் என்று உரிமையாளர் சொன்னால், சார்?" என்று கேட்டார். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.