குறைத்துச் செய்த இழுபொறியும் குறையாத இயற்கையும்

ஒரு பொருளை அளவு குறைத்துச் செய்தால் அதன் இயல்புகள் அனைத்தும் அதே விகிதத்தில் குறையும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். காட்சிக்கு வைக்கும் பொம்மைக்கு இது பொருந்தும். நெருப்பும் நீரும் கொண்டு இயங்கும் பொறிக்கு இது பொருந்துமா? வீட்டுப் பட்டறையில் நீராவி இழுபொறியின் மாதிரியைச் செய்வோரின் அனுபவம் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

இழுபொறி

இழுபொறி என்பது தண்டவாளம் இன்றிச் சாலையிலும் வயலிலும் தானே நகரும் நீராவிப் பொறியாகும். குதிரைகள் இழுத்துச் சென்ற பொறி ஒன்றை, 1859-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் அவெலிங் என்பவர் சங்கிலி பூட்டித் தானே நகரச் செய்தார். பின்னர் இவ்வகைப் பொறிகள் கதிரடிக்கவும் சுமை இழுக்கவும் பெரிதும் பயன்பட்டன. அவற்றின் காலம் முடிந்தபின் மாதிரி செய்வோர் அவற்றுக்கு மறுவாழ்வு அளித்தனர். 1898-இல் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' என்னும் இதழ் இக்கலையை வளர்த்தது. எல்.சி. மேசன் வடிவமைத்த 'மின்னி' என்னும் சிறு இழுபொறி, புதிதாகத் தொடங்குவோர் பலருக்கு வழிகாட்டியாயிற்று. இதன் அளவு ஓர் அடிக்கு ஓர் அங்குலம்; அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு.

அளவின் கணக்கு

நீளம் 12 மடங்கு குறைந்தால் பரப்பு 144 மடங்கும் கன அளவு 1,728 மடங்கும் குறையும். எனவே 10,000 கிலோ எடையுள்ள பொறியின் மாதிரி, கணக்கின்படி, 6 கிலோவுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும். மற்றொன்றையும் நோக்குக. பரப்பைவிடக் கன அளவு மிகுதியாகக் குறைவதால், கொதிகலனில் உள்ள ஒவ்வொரு துளி நீருக்கும் வெப்பத்தை இழக்கும் பரப்பு 12 மடங்கு கூடிவிடுகிறது. ஆகவேதான் மாதிரியின் கொதிகலன் விரைவில் ஆறுகிறது. அதற்கு வெப்பம் கடத்தாத போர்வை இன்றியமையாததாகிறது.

கொதிகலன்

இழுபொறிக்குத் தனியே சட்டம் கிடையாது. கொதிகலனே அதன் முதுகெலும்பு. உருளை அதன்மேல் அமர்கிறது. பின்சக்கரங்களின் அச்சைத் தாங்கும் தகடுகள் அதன் பக்கங்களில் பொருந்துகின்றன. எனவே கொதிகலன் கோணினால் பொறி முழுவதும் கோணும்.

சிறு மாதிரிகளில் கொதிகலனைச் செம்பினால் செய்வதே பெருவழக்கு. செம்புத் தகட்டை அச்சின்மேல் வைத்து விளிம்பை மடிக்கும்போது, சுத்தியலின் அடிகளால் அது இறுகிவிடும். அதைச் செந்நிறம் வரக் காய்ச்சி நீரில் தோய்த்தால் மீண்டும் மென்மையாகும். உயர் கரி எஃகைக் காய்ச்சி நீரில் தோய்த்தால் கடினமாகும், செம்போ இளகுகிறது! இணைப்புகளை ஈயப் பற்று கொண்டு இணைத்தல் ஆகாது. 600 பாகை செல்சியசுக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றே வேண்டும்.

நெருப்பறையின் தட்டையான சுவர்கள் அழுத்தத்தால் உப்பக்கூடும். அதனைத் தடுக்கவே உட்சுவரையும் வெளிச்சுவரையும் தாங்கு கம்பிகளால் பிணைக்கிறார்கள்.

முடிந்த கொதிகலனை முதலில் நீராவியால் சோதிப்பதில்லை. அதில் காற்றுக்கு இடமின்றிக் குளிர்ந்த நீரை நிரப்பி, இயங்கவேண்டிய அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தம் தருவர். நீர் எளிதில் சுருங்காது; எனவே அதில் சேரும் ஆற்றல் மிகக் குறைவு. இணைப்பு ஒன்று விட்டுப்போனாலும் நீர் கசியுமேயன்றி வெடிக்காது. நீராவி அவ்வாறன்று.

நீர்மட்டக் கண்ணாடி

இயற்கை குறைய மறுக்கும் இடம் இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. கொதிகலனுள் நீர் எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டுவது பக்கத்தில் பொருத்திய கண்ணாடிக் குழாய். முழு அளவுப் பொறியில் அதன் உள்விட்டம் 12 மி.மீ. என்று கொண்டால், மாதிரியில் அது 1 மி.மீ. ஆகவேண்டும். ஆனால் நீரின் பரப்பு இழுவிசை நம் அளவுகோலைக் கேட்டுக் குறைவதில்லை. 1 மி.மீ. குழாயில் குளிர்ந்த நீர், நுண்புழை ஏற்றத்தால் சுமார் 30 மி.மீ. உயரம் ஏறி நிற்கும். 75 செ.மீ. விட்டமுள்ள கொதிகலனின் மாதிரி ஏறத்தாழ 62 மி.மீ. விட்டமே உடையது. அதில் 30 மி.மீ. பொய்யாகக் காட்டினால் நிலைமை என்னாகும்?

கண்ணாடியில் நீர் இருப்பதாகத் தோன்றும். உள்ளே நெருப்பறையின் கூரை நீரின்றி வெளிப்பட்டு நிற்கும். நீர் காக்கும்வரையில்தான் செம்பு நெருப்பைத் தாங்கும். நீர் விலகினால் அது சூடேறி வலுவிழந்து, அழுத்தத்தால் உட்புறம் வளைந்துவிடும். எனவே தேர்ந்தவர்கள் இக்குழாயை அளவுக்கு ஏற்பக் குறைப்பதில்லை. தோற்றத்துக்குச் சற்றுப் பெரிதாயினும் 3 அல்லது 4 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயையே வைக்கிறார்கள். அதிலும் சில மி.மீ. ஏற்றம் உண்டென்பதை மனத்திற்கொண்டு நீரை நிறைவாகவே வைத்திருக்கிறார்கள்.

முடிவுரை

புகைக்குழாய்களுக்கும் இதே நியாயம்தான். அவற்றை எண்ணிக்கை மாறாமல் குறைத்தால் கரி அடைத்துக்கொள்ளும். ஆகவே எண்ணிக்கையைக் குறைத்துத் துளையைப் பெரிதாக்குகிறார்கள். சக்கரம், புகைபோக்கி, ஆணியின் தலை ஆகியவற்றை அளவுகோல் ஆளட்டும்; நீரும் நெருப்பும் செல்லும் வழிகளை இயற்கையின் விதிகளே ஆளவேண்டும். எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கலாகாது என்று பகுத்தறிவதே இக்கலையின் உயிர். நுண்புழை ஏற்றத்தைத் தேர்வுக்கான ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் கருதும் மாணவ நண்பர்கள், ஒரு கொதிகலனின் பாதுகாப்பே அதில் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்ப்பார்களாக.