பாதி மரபணு, பாதி வளர்ப்பு என்ற கணக்கு

பிள்ளை நன்றாகப் படித்தால் “அப்பன் மூளை அப்படியே வந்திருக்கிறது” என்கிறோம். கெட்டுப்போனால் “வளர்த்த லட்சணம்” என்று அம்மாவைச் சாடுகிறோம். வீட்டுத் திண்ணையில் இந்தப் பேச்சு பெரிய சேதம் எதுவும் செய்வதில்லை. அது அறிவியல் என்ற பெயரில் புத்தகமாகி, பிறகு சட்டமுமானால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெர்மனியின் வரலாறு சாட்சி. அந்த எண்ணங்களைத் திருத்திய சான்றுகளில் பலவும் அதே நாட்டின் ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்தவைதான்.

நம்பிக்கை 1: குற்றம் ரத்தத்திலேயே இருக்கிறது.

உண்மை: இந்த எண்ணத்துக்கு எண்களைக் கொடுத்தவர்களில் ஒருவர் மனநல மருத்துவர் யோஹானஸ் லாங்கே. பவேரியச் சிறைகளில் இருந்த இரட்டையர்களைத் தேடிப்பிடித்து, 1929-ல் ‘குற்றம் ஒரு விதி’ என்ற பொருள்படும் தலைப்பில் நூல் எழுதினார். ஒரே கருவில் பிறந்த 13 ஜோடிகளில் 10 ஜோடிகளில் இருவருமே சிறை சென்றிருந்தார்கள். இரு கருவில் பிறந்த 17 ஜோடிகளில் அப்படி இருந்தவை 2 மட்டுமே.

எண்கள் சரி, முடிவுதான் தாவிவிட்டது. முப்பது ஜோடிகளை வைத்து மனித குலத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஒரே முகமுள்ள இருவருக்குப் பெரும்பாலும் கூட்டாளிகளும் ஒன்றுதான். ஊரும் போலீஸும் அவர்களை ஒரே கண்ணால்தான் பார்க்கும். மீதி 3 ஜோடிகளை என்ன செய்வது? அங்கே மரபணு ஒன்றாக இருந்தும் ஒருவர் சிறைக்குள், மற்றவர் வெளியே. விதி என்றால் அது இருவருக்கும் பொதுவாக அல்லவா இருக்க வேண்டும்? இன்று பீலஃபெல்ட், சார்லாந்து பல்கலைக்கழகங்கள் 4,000-க்கும் மேற்பட்ட இரட்டையர் குடும்பங்களை 2014 முதல் பின்தொடர்ந்து வருகின்றன. அங்கே விதியைப் பற்றிய பேச்சே இல்லை. எந்தச் சூழலில் வேறுபாடு பெருகுகிறது, எதில் சுருங்குகிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

நம்பிக்கை 2: பரம்பரை நோய் உள்ளவர்கள் பிள்ளை பெறாவிட்டால் நோயே ஒழிந்துவிடும்.

உண்மை: இதைச் செய்தே பார்த்தது நாஜி அரசு. 1933 ஜூலை 14 அன்று இயற்றப்பட்டு, 1934 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கருத்தடைச் சட்டம், மனச்சிதைவு, வலிப்பு, பிறவிக் காது கேளாமை, ‘பிறவி மந்தபுத்தி’ போன்றவற்றோடு கடும் குடிப்பழக்கத்தையும் பட்டியலில் சேர்த்தது. சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர் மூனிக்கில் இருந்த ஜெர்மன் மனநல ஆய்வு நிறுவனத்தின் எர்ன்ஸ்ட் ரூடின். இதற்கென்றே தனி நீதிமன்றங்கள் அமைத்து, ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். பிறகு கொலையே தொடங்கியது. 1940 முதல் 1941 ஆகஸ்டுக்குள் மனநல விடுதிகளிலும் ஊனமுற்றோர் இல்லங்களிலும் இருந்த சுமார் 70,000 பேரை நச்சுவாயு அறைகளில் கொன்றார்கள்.

அறம் கிடக்கட்டும், நோயாவது ஒழிந்ததா? அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபுல்லர் டோரியும் ராபர்ட் யோல்கனும் 2010-ல் போட்ட கணக்கின்படி, ஜெர்மனியில் அப்போதிருந்த மனச்சிதைவு நோயாளிகளில் குறைந்தது 73 சதவீதத்தினர் கருத்தடைக்கோ கொலைக்கோ ஆளானார்கள். போருக்குப் பின் நோயாளிகளின் மொத்த எண்ணிக்கை குறைந்திருந்தது உண்மை. ஆட்களையே கொன்றபின் எண்ணிக்கை குறையாமல் என்ன செய்யும்? ஆனால் புதிதாக நோய்வாய்ப்பட்டவர்களின் விகிதம் எதிர்பாராத அளவுக்கு உயர்வாகவே இருந்தது.

காரணம் இப்போது தெளிவு. இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுதியில் அடையாளம் கண்டதாக 2022-ல் ஒரு பன்னாட்டு ஆய்வு அறிவித்தது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. நலமாக இருக்கும் நம் எல்லோரிடமும் அவற்றில் பல இருக்கின்றன. ‘கெட்ட ரத்தம்’ என்று தனியே பிரித்து வெட்டி எறிய எதுவுமே இல்லை.

நம்பிக்கை 3: அப்படியென்றால் எல்லாமே வளர்ப்புதான்.

உண்மை: இந்தப் பக்கம் சாய்ந்ததிலும் பலர் காயப்பட்டார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற யூத மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மான், நோயாளிகளை மனிதர்களாக மதித்துப் பேசிக் குணப்படுத்த முயன்றவர். ஆனால் பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை 1948-ல் எழுதிவைத்தவரும் அவரே. அதன்பின் ஏற்கெனவே துயரத்தில் இருந்த அம்மாக்கள் பல ஆண்டுகள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

1966-ல் அமெரிக்க மருத்துவர் லெனார்ட் ஹெஸ்டன் இதைச் சோதித்தார். மனச்சிதைவு கொண்ட தாய்களிடமிருந்து பிறந்த மூன்று நாளுக்குள் பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பார்த்தபோது, 5 பேருக்கு நோய் வந்திருந்தது. நோயில்லாத தாய்களிடமிருந்து அவ்வாறே பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வளர்க்காத தாய்மீது வளர்ப்புப் பழியைப் போட முடியாது. அதே சமயம் 47 பேரில் 42 பேருக்கு அந்த நோய் வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம்பிக்கை 4: அறிவில் இத்தனை சதவீதம் மரபணு, மிச்சம் சூழல்.

உண்மை: 2010 ஆகஸ்டில் ஜெர்மன் மத்திய வங்கியின் இயக்குநர்களில் ஒருவரான திலோ சாரட்சின் வெளியிட்ட நூல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அறிவுத்திறனில் 50 முதல் 80 சதவீதம் பரம்பரை என்றார். படிப்பில் பின்தங்கியவர்களும் குடியேறிகளும் அதிகம் பிள்ளை பெறுவதால் நாடே மந்தமாகிறது என்பது அவர் வாதம். எதிர்ப்பு வலுத்து அடுத்த மாதமே பதவி விலகினார்.

அந்தச் சதவீதம் ஆய்வுகளில் வருவதுதான். அதன் பொருள்தான் வேறு. ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில், குறிப்பிட்ட காலத்தில், ஆட்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதையே அது சொல்கிறது. ஒரு ஆளின் மூளையை அப்படிக் கூறுபோட முடியாது. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சாப்பாடு, ஒரே பள்ளி கிடைத்தால் சூழலில் வேறுபாடு இராது. மரபணுவின் சதவீதம் தானாக ஏறிவிடும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளிக்கு அந்த எண் காரணமே சொல்லாது. இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனி உட்படப் பல நாடுகளில் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்கள் தலைமுறைக்குத் தலைமுறை கூடின. அவ்வளவு சீக்கிரம் மரபணு மாறாது. மாறியவை பள்ளியும் உணவும் வேலையும்.

இந்தச் சதவீதக் கணக்குக்கான விடை ஜெர்மனியில் 1909-லேயே கிடைத்திருந்தது. லைப்சிக் விலங்கியலாளர் ரிச்சர்ட் வோல்டெரெக், ஏரிகளில் வாழும் டாஃப்னியா என்ற மிகச்சிறு உயிரியின் பல வம்சங்களை வெவ்வேறு அளவு உணவில் வளர்த்தார். ஒரு அளவில் தலையின் உயரத்தில் பெரிதாக வேறுபட்ட வம்சங்கள், இன்னொரு அளவில் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஆயின. ஓர் உயிர் வழிவழியாகப் பெறுவது முடிந்துபோன ஒரு பண்பை அல்ல. எந்தச் சூழலில் எப்படி ஆவது என்ற வீச்சைத்தான் பெறுகிறது. இதை அறிந்திருந்த நாடுதான் 24 ஆண்டுகள் கழித்து அந்தக் கருத்தடைச் சட்டத்தை இயற்றியது.

நம்பிக்கை 5: மரபணுவும் ஒன்று, வளர்ப்பும் ஒன்று என்றால் ஆளும் ஒன்றே.

உண்மை: “இரண்டையும் ஒரே மாதிரிதான் வளர்த்தேன்” என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோருக்கு டிரெஸ்டன், பெர்லின் ஆய்வாளர்கள் 2013-ல் ஆறுதல் சொன்னார்கள். மரபணு ஒன்றேயான 40 எலிகளைப் பல அடுக்குகள் கொண்ட ஒரே பெரிய கூண்டில் மூன்று மாதம் விட்டு, மின்னணுச் சில்லு பொருத்திக் கண்காணித்தார்கள். நாளாக ஆக அவற்றின் நடத்தை பிரிந்துகொண்டே போனது. அதிகம் சுற்றித் திரிந்த எலிகளின் மூளையில் நினைவுக்கான பகுதியில் புதிய நரம்பணுக்களும் கூடுதலாக உருவாகியிருந்தன. 2017-ல் பெர்லின் நன்னீர் ஆய்வு நிறுவனத்தினர், தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகும் அமேசான் மோலி மீன்களைப் பிறந்த நாளிலேயே தனித்தனித் தொட்டிகளில் ஒரே நிலையில் வளர்த்தார்கள். அவையும் சுபாவத்தில் வேறுபட்டன. வளர்ச்சியில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. கிடைத்த சூழலைக்கூட ஒவ்வொரு உயிரும் தன் போக்கில்தான் எடுத்துக்கொள்கிறது.

நம்பிக்கை 6: போரைப் பார்த்த பிள்ளையின் மரபணுவே மாறிவிடும், இனித் தேறாது.

உண்மை: ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களிலும் கேட்கக்கூடிய அச்சம் இது. ரூடின் இருந்த அதே மூனிக் நிறுவனம்தான் இன்றைய மாக்ஸ் பிளாங்க் மனநல ஆய்வு நிறுவனம். அங்கே எலிசபெத் பிண்டரின் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதுக் கொடுமை எஃப்கேபிபி5 என்ற மரபணுவின் மேலுள்ள சில வேதிக் குறிகளை நீக்குவதாகக் காட்டியது. அதுவும் அந்த மரபணுவின் ஒரு வகையைக் கொண்டவர்களில் மட்டும். எழுத்து மாறவில்லை, அதை வாசிக்கும் அழுத்தம்தான் மாறியது. பல காரணிகளில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தினர் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானோர் போரைப் பார்த்திருந்தார்கள். ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. போரோடு சேர்ந்து வீட்டுக்குள் வாங்கிய அடியும் அந்தப் பாதிப்போடு தொடர்பு கொண்டிருந்தது. தந்தையின் குடிக்கும் அந்த அடிக்கும் தொடர்பு இருந்தது. போரை ஒரு குடும்பத்தால் நிறுத்த முடியாது. கைநீட்டுவதை நிறுத்த முடியும்.

நம்பிக்கை 7: மரபணுவில் இருந்தால் மாற்ற முடியாது.

உண்மை: பினைல்கீட்டோன்யூரியா, ஒரே ஒரு மரபணுவின் கோளாறால் வரும் நோய். புரதத்தில் உள்ள பினைல்அலனினை உடலால் சிதைக்க முடியாமல் அது மூளையைக் கெடுக்கும். 1951-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவமனையில் பணியாற்றிய ஜெர்மன் மருத்துவர் ஹோர்ஸ்ட் பிக்கெல், ஓயாமல் அழுது தலையை மோதிக்கொண்டிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு அந்தப் பொருள் மிகக் குறைந்த உணவைத் தயாரித்துக் கொடுத்தார். அழுகை நின்றது. தவழ்ந்தாள், எழுந்து நின்றாள். அதே பொருளை உணவில் திரும்பச் சேர்த்தபோது பழைய நிலைக்கே சரிந்தாள். ஏற்கெனவே கெட்டுவிட்ட மூளையை முழுதாக மீட்க முடியாது என்பதால், இன்று ஜெர்மனியில் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் சில நாட்களிலேயே குதிகாலில் சில துளி ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். நோய் முழுக்க மரபணுவால் வந்தது, மருந்தோ முழுக்கச் சூழல். இதில் எது எத்தனை சதவீதம் என்று பிரிப்பது?

பிள்ளையின் சுபாவத்துக்கு யாரைக் குறை சொல்வது என்று தேடுவதைவிட, இந்தப் பிள்ளைக்கு எது ஒத்துவருகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. குடும்பத்தில் மனநோய் இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தகவல் தீர்ப்பு அல்ல. எதைக் கவனிக்க வேண்டும், எப்போது உதவி தேட வேண்டும் என்பதற்கான குறிப்பு.